ஆறுக்கு ஒன்று

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சென்னை ஆபீஸிலிருந்து பாண்டியராஜன் அழைத்தான். மதுரையில் இருந்த மனைவி பாண்டீஸ்வரி முதல் மணியிலேயே எடுத்தாள்.

“கம்பெனியோட ரெண்டாவது தலைமை ஆபீஸ் எந்த ஊருக்குங்க? கோயம்புத்தூருக்கா?”

“மதுரைக்குத்தான்.”

அவள் அழுதாள். பிறகு சிரித்தாள்.

“நாலு வருசமா ஞாயித்துக்கிழமைப் புருசன். இனிமே தெனமும் காய்கறி வாங்க நீங்கதான் போகணும்.”

“வாரேன், வாங்குறேன்.” அவனுக்கும் இப்போதுதான் மூச்சு வந்தது.

“கமிட்டியில நீங்க இருந்தீங்கள்ல, அதான். ஏழு பேரும் மதுரைன்னாங்களா?”

“ஆறு பேரு. ஒருத்தர் மட்டும் கோயம்புத்தூர்.”

சொந்த ஊருக்குச் சாதகம் செய்தான் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே என்றுதான், அவன் தன் வாக்குச் சீட்டில் கோயம்புத்தூர் என்று எழுதியிருந்தான்.

“நம்ம குடும்பம் ஒண்ணு சேரக் கூடாதுன்னு நெனச்ச அந்தப் பாவி யாருங்க?”