புழு கடித்த பக்கம்

இலையைக் களிமண்ணுக்குள் பொதிந்து சுட்டால் இலை எரிந்துவிடும். அது விட்ட வெற்றிடத்தில் மெர்லின் வெள்ளியை ஊற்றிப் பதக்கம் செய்வாள். பதக்கம் கேட்டு வந்த கதீஜா கொடுத்தது, அவள் கணவர் இறக்கும் முன் கடைசியாகப் பறித்துத் தந்த பூவரச இலை; அதற்கு மட்டும் வெள்ளி நிரம்பாமல் அச்சு உடைந்துபோனது. மெர்லின் வேறோர் இலையைப் பறித்து, உடைந்த அச்சைப் பார்த்துப் புழு கடித்த ஓட்டையை அதிலும் வெட்டிப் புதிதாக வார்த்தாள். அச்சில் இடப்பக்கம் வலப்பக்கமாகத் தெரியும் என்பதை அவசரத்தில் மறந்தாள்.

பதக்கத்தைத் தடவிய கதீஜாவின் விரல் ஓட்டையில் நின்றது.

"புழு அந்தப் பக்கமில்ல கடிச்சிருந்துச்சு?"

மெர்லின் தலைகுனிந்தாள். கதீஜா அவளையே சற்று நேரம் பார்த்தாள்.

"எனக்குத்தான் மறதிம்மா. நீயே மாட்டிவிடு" என்று முக்காட்டை விலக்கித் திரும்பி நின்றாள்.

மெர்லினின் விரல்களுக்குச் சங்கிலியின் கொக்கி அகப்படவே இல்லை.