குழிப் பட்டியலின் உரிமையாளர்

ஆம்பூர் தோல் தொழிற்சாலையில், கழிவுக் குழியில் இறங்குகிறவர்களின் பட்டியலை எண்பத்தெட்டாம் வருடத்திலிருந்து கம்ப்யூட்டரில் போட்டார்கள். போட்டுவந்த சூப்பர்வைசர் ஜேக்கப் போன மாதம் அதே குழியில் விஷவாயு தாக்கி இறந்துபோனார். இன்று காலை அவர் பெயரில் புதுப் பட்டியல் வந்திருந்தது. அதில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஜெயபுஷ்பத்தின் தம்பி தேவானந்தம் இருந்தான்.

“ஃபைல் ஜேக்கப் சார் பேர்ல பூட்டிக் கெடக்குது சார். தொறந்து குடுத்தா தம்பி பேர எடுத்துடுவேன்.”

மேனேஜர் நந்தகோபால் டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். ஃபைலின் பூட்டை அதன் உரிமையாளர் மாற்றலாம்; இல்லையென்றால் எல்லா ஃபைலுக்கும் அதிகாரமுள்ள சூப்பர் யூசர் மாற்றலாம். சூப்பர் யூசர் என்று விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்து வைத்திருந்தவர் அவர்.

“இந்த மெஷின்ல என்னைக் கேக்க ஆளே கெடயாதும்மா.”

தட்டினார். நீங்கள் உரிமையாளர் அல்ல என்றது திரை. மறுபடி தட்டினார். மறுபடியும் அதையே சொன்னது.

“வுடுங்க சார். அவன எறங்க வேணாம்னு வாயால சொல்லிடுங்க, போதும்.”

“மெஷின்ல இருக்கறத நான் எப்பிடிம்மா மீர்றது?”

குழியில் இறங்குவதற்கான சங்கு ஊதியது. ஜெயபுஷ்பம் திரையைப் பார்த்தாள். உரிமையாளர் இடத்தில் இப்போது தேவானந்தம் என்று இருந்தது. அவனுக்கு அந்த மெஷினில் யூசர் கணக்கே கிடையாது.

மேனேஜருக்கு முகம் தெளிந்தது. “நல்லதாப் போச்சு. ஓனரையே கூப்புடு, வந்து மாத்தட்டும்.”

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். குழியோரத்தில் அவன் செருப்பு மட்டும் இருந்தது.