முப்பத்தாறாவது குழி

"இன்னைக்கும் வரலைன்னா அந்தக் குழி உங்க முன்பல்லு மாதிரி ஓட்டையாவேதான் கிடக்கும், பா ஸல்லாம்" என்றபடி, மாவு உருட்டி வைத்த பலகையை மற்ற பலகைகளின் வரிசையில் வைத்தாள் லல்லா பதூல்.

பா ஸல்லாம் சிரித்து வைத்தார். சந்திலேயே வாய் அதிகம் அவளுக்குத்தான். கடைசி நாளில் போய் அவளிடம் என்ன வழக்கு?

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில், அந்தச் சந்தில் எல்லா வீட்டு ரொட்டியும் அவருடைய அடுப்பில்தான் வேகும். பலகையை மூடிய துணிக்கு அடியில் கூலிக் காசு இருக்கும். வெந்து வந்த ரொட்டியைப் பார்த்தே இது இன்னார் வீட்டுடையது என்று சொல்லிவிடுவார். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட மாற்றிக் கொடுத்ததில்லை. இப்போது புகை நெஞ்சைக் கெடுத்துவிட்டது. இனி நெருப்புப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாளைக் காலையில் ஊஜ்தாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறுகிறார்.

அடுப்பை விட்டுப் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். மாடத்தில் இருந்த பழங்காசு ஆல்பத்தில் ஒரு குழி காலியாக இருப்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அது தொடங்கிய கதை சந்துக்கே தெரியும். அடுப்பு வேலைக்கு வந்த முதல் வாரம், காசு டப்பாவைக் கவிழ்த்தபோது சுல்தான் காலத்துச் செம்புக் காசு ஒன்று உருண்டு விழுந்தது. ஒரு பக்கம் நட்சத்திரம். இளைஞரான பா ஸல்லாம் அதைக் கையில் வைத்துக்கொண்டு சந்தெல்லாம் ஓடினார். பழைய காசுக் கடை வைத்திருக்கும் ஸி ஜிலாலி எதிரே மூச்சிரைக்க வந்தார், அவரிடமும் காட்டினார். அவர் காசையும் இவர் முகத்தையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். மறுவாரம், எந்தக் குழிக்கு எந்தக் காசு என்று குறித்த, முப்பத்தாறு குழிகள் கொண்ட ஆல்பம் ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதன் பிறகு வருடத்துக்கு ஒன்றாவது வந்துவிடும். செல்லாமல் போன பழைய காசு ஏதாவது ஒரு பலகையில் கைமறதியாக வந்து உட்கார்ந்திருக்கும். கேட்டால், "எங்க வீட்டுல யாரோ கண்ணு தெரியாம வச்சிருக்காங்க" என்பார்கள். மிச்சம் ஒன்றே ஒன்று, 1960-ல் அடித்த வெள்ளி திர்ஹம். அது ஜிலாலியின் கடையிலேயே இருந்தது. எடுத்துத் தருகிறேன் என்று அவரும் பலமுறை சொல்லிப் பார்த்தார்.

"கடையில வாங்கினா அது கடைக் காசு. எனக்குன்னு எழுதினது ரொட்டியோடதான் வரும்" என்பார் பா ஸல்லாம். இந்தப் பிடிவாதத்தைச் சந்தே கேலி செய்தது.

அடுப்பு காய்ந்ததும் பலகைகளை வரிசையாகத் திறக்கத் தொடங்கினார். முதல் மூன்றிலும் சாதாரணக் காசு. நான்காவது, தையற்காரர் வீட்டுப் பலகை. துணியை விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

வெள்ளி.

கையை இரண்டு முறை துடைத்துக்கொண்டு எடுத்தார். வருடத்தைப் பார்த்தார். பிஸ்மில்லா சொல்லி குழியில் வைத்து அழுத்தினார். சட்டென்று பொருந்தியது. முப்பத்தாறும் ஒரே பக்கமாக மின்னியபோது அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன்னைப் போன்ற ஓர் அடுப்புக்காரனின் ஆசையைக்கூட ஒருவன் மேலே கணக்கு வைத்து, கடைசி நாளில் நிறைவேற்றுகிறானே என்று கண் கலங்கிவிட்டது. விஷயம் கேட்டு மாடி ஜன்னல்களில் பெண்கள் குலவையிட்டார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐந்தாவது பலகையைத் திறந்தார். அதிலும் ஒரு வெள்ளி திர்ஹம்.

ஆறாவதில் ஒன்று. எட்டாவதில் ஒன்று. அதற்கப்புறம் இன்னும் இரண்டு பலகைகளில் ஒவ்வொன்று. கடைசியாக லல்லா பதூலின் பலகை. துணி முனையில் இறுக்கி முடிச்சுப் போட்டு அதற்குள் ஒன்று. ஆல்பத்தில் வைத்ததோடு சேர்த்து மொத்தம் ஏழு.

ரொட்டிகளைக் கருகாமல் எடுத்துக் கொடுத்து முடித்ததும், ஆல்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஜிலாலியின் கடைக்குப் போனார். ஆறு காசையும் மேஜைமேல் வைத்தார்.

ஜிலாலி தலையில் கைவைத்துக்கொண்டார். "எதை யார் வாங்கினாங்கன்னு கேக்காதீங்க, பா. ஏழு பேருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். ஒருத்தர் வாங்கினது இன்னொருத்தருக்குத் தெரியாது."

பா ஸல்லாமுக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று அவருக்குத் தெரியாதா? மெல்ல ஆல்பத்தைத் திறந்து வைத்தார்.

"அப்போ இந்த முப்பத்தஞ்சு?"

"அதுல முப்பத்துநாலுக்கும் சத்தியம் இருக்கு."

பா ஸல்லாம் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முப்பது வருடமாக எல்லோருடைய ரொட்டியையும் அடையாளம் தெரிந்த மனிதருக்கு இது தெரியவில்லை. பள்ளிவாசலுக்குள் நிற்பதுபோலக் குரல் தாழ்ந்துவிட்டது. முதல் குழியின் நட்சத்திரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இது ஒண்ணாவது தானா வந்ததா, ஜிலாலி?"

"தானாத்தான் வந்துச்சு. என் பொண்டாட்டி சில்லறைன்னு நினைச்சு கடைக் காசை எடுத்துப் பலகையில வச்சுட்டா" என்றார் ஜிலாலி. "திருப்பி வாங்கத்தான் அன்னைக்கு ஓடி வந்தேன். உங்க முகத்தைப் பார்த்ததும் கேக்க வாய் வரல."