கோலுக்கு மன்னிப்பு

“பதினாறு வருஷத்துல நீ போட்ட முதல் கோல். அதுக்குப் போய் ரெண்டு கையையும் தூக்கி மன்னிப்புக் கேட்டியே!” என்றபடி நூரியா உருளைக்கிழங்கு ஆம்லெட்டைத் தட்டில் கவிழ்த்தாள்.

அவள் கணவன் செல்சோ முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான்.

“பழைய க்ளப்புக்கு எதிரா கோல் போட்டா மன்னிப்புக் கேக்கறது வழக்கம்தான். இன்னிக்கு எதிரணி பெனால்பா. அவங்களுக்கு நீ எப்ப ஆடின?”

“ஆடினதே இல்ல.”

“ஜூன் மாசத்தோட உன் ஒப்பந்தம் முடியுது. முப்பத்தஞ்சு வயசுத் தடுப்பாட்டக்காரனை எவன் எடுப்பான்? ஓடிக் குதிச்சிருந்தா நம்ம க்ளப் தலைவர் கண்ணுலயாவது பட்டிருப்ப.”

“அவர் போன மாசமே கையை விரிச்சிட்டார்.”

நூரியாவின் குரல் இறங்கியது. “அப்ப இனிமே ஆட்டமே இல்லையா?”

“இருக்கு. வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டேன். ரெண்டு வருஷத்துக்கு.”

“நிஜமாவா? எந்த க்ளப்?”

“பெனால்பா. சீசன் முடியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னாங்க. அதான் உன்கிட்டகூடச் சொல்லல. ஆனா போகப்போற வீட்டுலயே கோல் போட்டுட்டோமேன்னு கை தானா மேல போயிடுச்சு.”

நூரியா அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டுச் சிரித்தாள்.

“போடா பைத்தியம்! பத்தாயிரம் பேர் பார்க்கக் கையைத் தூக்கிட்டு, மூச்சு விடலையாம்!”