மேப்பிள் மரத்தடியில் ஓக் இலை

"ஏன் டெல்மர், போன சனிக்கிழமைதானே சுத்தமா வாரிட்டுப் போனீங்க? எங்கேர்ந்து வந்துச்சு இவ்வளவு இலை?"

வாசற்படியில் காபிக் கோப்பையோடு நின்று கேட்டார் அந்த வீட்டுக்கார அம்மாள் ஆர்டிஸ்.

"காத்து ஆர்டிஸ், காத்து" என்றார் டெல்மர், புல்வெட்டும் டிராக்டரை நிறுத்தாமலே. பின்னால் கோத்திருந்த இலைவாரியின் பிரஷ் சுழன்று சுழன்று இலைகளைக் கித்தான் பைக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு மேப்பிள். அதுவும் மொட்டையாயிடுச்சு. இங்க கிடக்கிறது ஓக் இலை."

"பக்கத்து வீடுதானே, பறந்து வந்திருக்கும்."

அறுபத்தெட்டு வயதில் மனிதர் கூசாமல் புளுகினார். ஓக் மரம் நிற்பது அவர் வீட்டில். புதன்கிழமை ஆர்டிஸ் சர்ச்சுக்குப் போர்வை தைக்கப் போன நேரம் பார்த்து, ஒரு பை நிறையத் தன் வீட்டு இலையைக் கொண்டுவந்து இங்கே கவிழ்த்துவிட்டுப் போனவரே அவர்தான்.

காரணம் இருந்தது. அரிசோனாவுக்கு வந்துவிடும்படி ஆர்டிஸின் மகள் நச்சரித்துக்கொண்டிருந்தாள். புல்வெளியில் இலை கிடந்தால் விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்க மாட்டேன் என்று வீடு விற்றுத் தரும் ஏஜென்ட் சொல்லிவிட்டான். போட்டோ எடுத்தால் வீடு போய்விடும், ஆர்டிஸும் போய்விடுவார்.

மனைவி இறந்த இந்த நான்கு வருடத்தில் டெல்மர் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் இந்த வாசற்படியில்தான். போகாதீர்கள் என்று சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. பாவம், அவருக்கு இலை கொட்டத்தான் தெரிந்தது.

"மதியம் ஏஜென்ட் வர்றான்" என்றார் ஆர்டிஸ். "இன்னைக்கு எடுக்கலைன்னா நாளைக்குப் பனி விழுந்துடுமாம். அப்புறம் ஏப்ரல்லதானாம்."

இரண்டு பை கொட்டியிருக்கலாமே என்று நொந்துகொண்டார் டெல்மர். ஆர்டிஸ் பார்த்துக் கேட்டுத் தொலைத்த பிறகு வாராமல் இருக்கவும் முடியாது. மெதுவாக ஓட்டினார்.

ஆனால் இலை குறைகிற வழியாக இல்லை. அவர் கொட்டியது ஒரு பைதான். இப்போது நிரம்புவதோ மூன்றாவது பை. வேலியோரம் போய்க் கயிற்றை இழுத்துக் கவிழ்த்தவர், குவியலைப் பார்த்துத் திகைத்தார். குட்டி விசிறி போல மஞ்சள் இலைகள். குனிந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"ஆர்டிஸ், இது கிங்கோ இலை. இந்த ஊர்லயே கிங்கோ மரம் ஒண்ணுதான் இருக்கு, நம்ம சர்ச் வாசல்ல. இங்கேர்ந்து ஒரு மைல். இதுவும் காத்தா?"

ஆர்டிஸ் காபியை அவரிடம் நீட்டினார். முகம் லேசாகச் சிவந்திருந்தது.

"அன்னைக்கே ஓக் இலையைப் பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு. நீங்க ஒரு பைதானே கொட்டினீங்க, அது பத்தாதுன்னு தோணுச்சு. என் கார் டிக்கியில நாலு மூட்டைதான் பிடிச்சுது. டிராக்டரை நிறுத்திட்டு உட்காருங்க, ஏஜென்ட் வந்து பார்த்துட்டுப் போகட்டும்."