வளையம் கேட்ட கேள்வி

ஒரு கல்லூரி மைதானத்தில் கூடைப்பந்து வளையமும் பழைய பந்து ஒன்றும் இருந்தன. அந்தக் கல்லூரியின் பெண்கள் அணி தோற்றுத் தோற்றுத் துவண்டு போயிருந்தது. இந்த வருஷமும் தோற்றால் அணியையே கலைத்துவிடுவார்கள் என்று பேச்சு.

அன்று காலை புதிய பயிற்சியாளர் பிரிசில்லா வந்தார்.

"வந்துட்டாங்க! வந்துட்டாங்க!" என்று துள்ளப் பார்த்தது பந்து. காற்று குறைந்திருந்ததால் முடியவில்லை.

"இவங்களும் நாலு நாள் விசில் ஊதுவாங்க. அப்புறம் நாற்காலியில உட்கார்ந்துடுவாங்க. எத்தனை பேரைப் பார்த்தாச்சு!" என்றது வளையம்.

பிரிசில்லா பந்தை அமுக்கிப் பார்த்து, தானே காற்றடித்தார். எப்போதும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் குட்டைப் பெண் சுகந்தியைக் கூப்பிட்டு, "போடும்மா" என்றார்.

சுகந்தி எறிந்த பந்து வளையத்தைத் தொடக்கூட இல்லை. மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

"சிரிச்சது போதும், பந்தை எடுத்துக் குடுங்க. சுகந்தி, முழங்காலை மடக்கி எழும்பு."

சிரித்தவர்களே ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தார்கள். கடைசியில் பந்து வளையத்தின் விளிம்பில் ஏறிச் சுற்றத் தொடங்கியது.

"விழு! உள்ளே விழு!" என்று ஒரு குரல் கத்தியது. வளையம்தான்!

பந்து உள்ளே விழுந்தது. பெண்கள் சுகந்தியைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள்.

கீழே உருண்டுகொண்டிருந்த பந்திடம் வளையம் அவசரமாகக் கேட்டது: "ஏய், அடுத்த மேட்ச் என்னைக்கு?"