கடைசிப் புள்ளி

ஆதிரைக்கு ஜோக் சொல்லக் கொள்ளை ஆசை. பிறர் சிரிக்கும் சத்தம்தான் காதுக்கு ஆகாது. அதனால் தன் ஆட்டிசத்தைப் பற்றிய நகைச்சுவை நிகழ்ச்சியை வீட்டிலிருந்தே இணையத்தில் இலவசமாக நடத்தினாள். பார்ப்பவர்களில் யார் எங்கே சிரித்தாலும் அவள் அறைச் சுவரில் சத்தமில்லாமல் ஒரு மஞ்சள் புள்ளி மின்னும்.

“ஸ்கூல்ல யாராவது ஜோக் சொன்னா, எல்லாரும் சிரிச்சு முடிச்சு சாப்பிடப் போனப்புறம்தான் நான் சிரிப்பேன்!”

சுவரே மஞ்சளாகி அடங்கியது. அடுத்த ஜோக்குக்கு அவள் வாயெடுத்தபோது, ஒற்றைப் புள்ளி மட்டும் விட்டுவிட்டு மின்னியது. கதவிடுக்கில் பார்த்தாள். அடுக்களையில் அப்பா கைபேசியைப் பார்த்தபடி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் இருங்க,” என்றாள் உலகத்திடம். “எங்கப்பாவுக்கு இப்பத்தான் புரிஞ்சிருக்கு. முழுசாச் சிரிச்சுக்கட்டும்.”